துணி வெள்ளையா வரோணும்

என் காப்பி பில்டரை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, கடைசியில் உள்ளும் புறமும் விளக்கெண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்த மனுஷி உலகத்தில் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும். எங்கள் மேல்வீட்டு அக்கா. அந்தப் பில்டரில் இறங்கிய காப்பியை என் வீட்டுக்காரர் மூன்று நாள் குடித்தார். நாலாம் நாள் வேலைக்கு லீவு போட்டார். நான் விடுவிடுவென்று மாடியேறிப் போய் சண்டைக்கு நின்றேன்.

"எண்ணெ தடவாம உட்டா துருப்புடிச்சுப் போயிரும் கண்ணு" என்றாள் அக்கா, நிதானமாக.

"அது எவர்சில்வர் அக்கா! துருவே பிடிக்காது!"

"எல்லா இரும்பும் மொதல்ல அப்புடித்தான் சொல்லும். நம்பக் கூடாது."

திரும்பி வந்து புளி போட்டுத் தேய்த்தேன்.

புனே பக்கத்தில் ஆகுர்டியில் நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம், ஆறு வீடு. ஆறு வீட்டு ஆண்களுக்கும் ஏதாவதொரு வண்டித் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட்டுக்கு ஆறு ஸ்கூட்டரும் ஒன்றாகக் கிளம்பும்போது அடுப்பில் இருக்கிற பால் நடுங்கும். தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி மதுரையிலிருந்து நான் அங்கே போய் இறங்கிய மறுநாளே, எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே கூரையைக் காட்டி, "பந்தூக்வாலி வஹினி" என்று கண்ணை உருட்டினாள். வீட்டுக்காரரைக் கேட்டேன். "வஹினின்னா அண்ணி. பந்தூக்னா துப்பாக்கி" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார். என்னமோ மேல்வீட்டில் பூனை வளர்க்கிறார்கள் என்பதுபோல.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உறைக்குக் கொஞ்சம் மோர் வாங்குகிற சாக்கில் மாடியேறினேன். கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு வாளி. வாளிக்குள் நிறுத்தியிருந்தது ஒரு நீள இரும்புக் குழல். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் ஆவி பறக்கும் கெட்டிலும் மறு கையில் புனலுமாக, குள்ளமாக, கட்டுமஸ்தாக, மூக்கில் பெரிய பேசரியோடு ஒரு பெண். நான் யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் ஒன்றும் கேட்கவில்லை.

"வா கண்ணு. இந்தத் தலப்பப் புடி, சாயுது பாரு" என்றாள்.

குழலின் மேல்முனையைப் பிடித்தேன். அடுத்த பத்துப் பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அது தோட்டா போட்டுச் சுடுகிற துப்பாக்கி இல்லை. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற பழைய ஜாதி. பின்பக்கம் குருவி அலகு அளவில் ஒரு மூக்கு. தீபாவளிக் கேப்பு மாதிரி ஒன்றை அதில் மாட்டி, குதிரையை இழுத்துவிட்டால் நெருப்பு அந்த மூக்கு வழியாக உள்ளே போகும். நிறுத்தி வைத்தால் அக்காவைவிட நாலு விரல் உயரம். குழலுக்குள் திருகு மாதிரி பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தைப் பற்றி அக்கா பேசும்போது எதிரியைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும்.

"மேலால தொடச்சுப்போட்டுப் பளபளன்னு இருக்குதுன்னு ஏமாந்துரக் கூடாது. அழுக்கு அந்தப் பள்ளத்துலதான் குத்தவெச்சு உக்காந்திருக்கும்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். முதலில் மூக்கைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் சீயக்காய்த் தண்ணீரில் ஊறப்போடுவாள். குழலில் புனல் வைத்து வெந்நீர். அப்புறம் பன்னிரண்டு துணி. பதினொன்று பழைய வெள்ளை வேஷ்டியில் கிழித்த சதுரங்கள். பன்னிரண்டாவது மட்டும் லுங்கித் துண்டு, விளக்கெண்ணெய் தடவுவதற்கு. எண்ணெய்த் துணிக்கு எதற்கு நல்ல வேஷ்டியை வீணாக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒவ்வொன்றாகக் கம்பி நுனியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

"துணி வெள்ளையா வரோணும். அது வரைக்கும் உடக் கூடாது."

உண்மையைச் சொன்னால் முதல் துணியே வெள்ளையாகத்தான் வரும். சுடாத துப்பாக்கியில் ஏது அழுக்கு? ஆனாலும் பதினொன்றையும் விடுவாள். அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் கூடாது, புனேக் குளிரில் கட்டியாக உறைந்துவிடும் என்று முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டாளாம். முடிந்ததும் குழல் வாய் கீழே பார்க்கும்படி பீரோவில் பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். மேலே பார்க்க வைத்தால் எண்ணெய் இறங்கிக் கட்டையை ஊற வைத்துவிடும். அவளுடைய கல்யாணப் பட்டில் ஒரு வட்டமான எண்ணெய்க் கறை இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கம்பியில் ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். என்னுடைய நகப்பூச்சுதான். அதையும் கேட்காமல்தான் எடுத்தாள். கம்பியைக் காலிக் குழலுக்குள் முழுக்க விட்டால் அந்தச் சிவப்பு வளையம் சரியாக வாயோடு வாயாக நிற்கும். வளையம் மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எப்போது துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் முதல் காரியம் கம்பியை விட்டு வளையத்தைப் பார்ப்பது. அவள் அப்பா கற்றுக்கொடுத்தது.

அப்பாவுக்குச் சத்தியமங்கலத்தில் மலையடிவாரத்தில் தோட்டம். கடலைக்காய்க்குக் காட்டுப்பன்றி வரும் என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி அது. துப்பாக்கியை மகன் கையில் கொடுத்த அப்பா, மகள் கையில் வாளியைக் கொடுத்திருக்கிறார்.

"எங்கண்ணன் சுடுவான், நான் கழுவுவேன்" என்பாள் அக்கா. "டமார்னு ஒரு நிமிசம் அவனுக்கு. ரெண்டு மணி நேரம் எனக்கு. கருமருந்து இருக்குதே, அன்னிக்கே கழுவாட்டி ராவோட ராவா துரு ஏறிப்போயிரும். அவன் சுட்டுப்போட்டு அண்ணாந்து கட்டல்ல படுத்துக்குவான்."

"உங்களை ஒரு தடவை சுட விட்டதில்லையாக்கா?"

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னாங்க."

அப்பா போன பிறகு அண்ணன் கையெழுத்து வாங்கப் பத்திரங்களோடு புனேவுக்கே வந்திருக்கிறார். தோட்டம், கிணறு, வீடு எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள், துப்பாக்கியை மட்டும் எனக்குக் கொடு என்றிருக்கிறாள். அண்ணன் அவசர அவசரமாகத் தலையாட்டினாராம். அதன் பிறகு அந்த லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற ஒன்றரை வருஷம் இரண்டு மாநிலத்து ஆபீஸ்களில் ஏறி இறங்கியிருக்கிறாள். பயிரும் இல்லை பன்றியும் இல்லை, ஆகுர்டியில் எதற்கம்மா துப்பாக்கி என்று ஒரு அதிகாரி கேட்டதற்கு, "கழுவறதுக்குங்" என்றாளாம்.

"இவ்வளவு பாடுபட்டு வாங்கினீங்களே, வாங்கினதுக்கு அப்புறமாவது சுட்டீங்களா?"

அக்கா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சுட்டா அழுக்காயிரும் கண்ணு."

அக்காவின் வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற பிரிவில் இருந்தார். சாதுவான மனிதர். துப்பாக்கி இருக்கிற அறையில் தூங்க மாட்டார், கூடத்தில்தான் படுக்கை. பீரோவைத் திறக்க வேண்டியிருந்தால் பக்கவாட்டில் நின்று ஒரு விரலால் திறப்பார். "உள்ள ஒண்ணும் இல்லீங்க" என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. "ஒண்ணும் இல்லாத துப்பாக்கிதான் வெடிக்குமாம்" என்பார். அவருடைய லுங்கிகள் ஒவ்வொன்றாக உயரம் குறைந்துகொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் முழங்கால் தெரிய ரேஷன் கடை வரிசையில் நின்றார்.

குழல் மாதிரி எதைப் பார்த்தாலும் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. என் குக்கர் விசில், எதிர்வீட்டு கேஸ் அடுப்பு, எங்கள் ஸ்கூட்டர் சைலன்சர் எல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்தவைதான். எங்கள் தெருவில் பிள்ளையார் விழா நடத்துகிற கணபதி மண்டலில் ஒரு துதாரி இருந்தது. வளைந்த நீளமான ஊதுகொம்பு. அது களிம்பு பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெந்நீர், துணி, எண்ணெய். வளைவுக்குள் போய்த் தங்கிய எண்ணெயை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. மறுநாள் ஆரத்திக்கு வார்டு கவுன்சிலர் வெள்ளை வெளேரென்று குர்தா போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஊதுகிறவர் மூச்சைப் பிடித்து ஊதினார். சத்தம் வரவில்லை. கன்னம் புடைக்க இன்னொரு தடவை ஊதினார். பொளக்கென்று அரைக்கால் படி விளக்கெண்ணெய் கவுன்சிலரின் நெஞ்சில் போய் விழுந்தது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அந்தக் கறையைக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"காளஜி நக்கோங்" என்றாள். கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். மராட்டியிலும் அந்த 'ங்' அவளை விடாது. பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு கண்ணு, வெறும் எண்ணெதான், அழுக்கு ஒரு துளி இல்லைன்னு சொல்லு. எவ்வளவு சுத்தமா வந்திருக்குது பாரு!" என்றாள். அடிப்பாவி, அதை நான் அந்த மனிதரிடம் எப்படி மொழிபெயர்ப்பேன்?

இப்படிப்பட்டவளுக்குத் தேர்தல் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசல்ட் வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அந்த வருஷங்களில் டில்லியில் ஒரு ஆட்சியும் நிலைக்கவில்லை. நாலு வருஷத்துக்குள் மூன்று தடவை ஓட்டுப் போட்டோம். யார் வந்தார்கள் யார் போனார்கள் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அரசாங்கம் கவிழ்ந்தது என்று ரேடியோவில் சொன்னால், "ஐயோ, மறுக்கா கொண்டுபோய்க் குடுக்கோணுமே" என்று தலையில் கை வைப்பாள். அவள் வீட்டுக்காரருக்கோ தேர்தல்தான் திருவிழா. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போன அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு படுக்கையறைக்கு வந்துவிடுவார். "நம்ம நாட்டுல வருசம் பூராவும் எலெக்சன் வெச்சா தேவலைங்க" என்று மாடிப்படியில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

ஸ்டேஷனில் ஒப்படைத்த சாமான்களை வைக்கும் அறைக்குப் பொறுப்பு ஒரு ஹவல்தார். சாத்தாரா பக்கத்துக் கிராமத்துக்காரர், பெரிய நரைத்த மீசை, ரிட்டயராக ஒரு வருஷம்தான் பாக்கி. ஞாயிறு எட்டு மணிக்கு அக்கா அவர் முன்னால் போய் நிற்பாள். தொடக் கூடாது, சட்டம். அதனால் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பாள்.

"பாவு, வாய் மேல பாத்துட்டிருக்குதுங்! திருப்புங்!"

பாவு என்றால் மராட்டியில் அண்ணன், மிச்சமெல்லாம் தமிழில்தான் கத்துவாள். அவருக்கு எப்படியோ புரியும். பெருமூச்சு விட்டு எழுந்து போய்த் துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்திவிட்டு வருவார். அடுத்த ஞாயிறு யாராவது நிமிர்த்தி வைத்திருப்பார்கள். மறுபடி திருப்புவார்.

அந்த மூன்றாவது தேர்தலில்தான் வினை வந்தது. ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில் கடைசிக் குளியல் நடந்தது. நான் வழக்கம்போலத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து என் மாமியார் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்று காலை என் சாம்பாரைப் பற்றி அவர் சொன்னதை வரி விடாமல் அக்காவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கீழே ஸ்கூட்டரில் அக்காவின் வீட்டுக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ரசீது எழுதுகிறவர் சாப்பிடப் போய்விட்டால் சாயங்காலம்தான். அக்கா எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக் கம்பியை மடியில் துடைத்தாள்.

"துணி எண்ணிப்பாரு கண்ணு."

"பன்னெண்டு இருக்குக்கா" என்றேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாமியார் கதையில் முக்கியமான கட்டத்தில் இருந்தேன்.

ரிசல்ட் வந்த பிறகு துப்பாக்கியைத் திருப்பி வாங்க, மராட்டி எழுத்து படிக்கத் துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். ஹவல்தார் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துப் பதிவேட்டை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போடவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த கம்பியைக் குழலுக்குள் விட்டாள். சிவப்பு வளையம் வாய்க்கு மேலே நாலு விரல் தள்ளி நின்றது.

"உள்ளார என்னமோ இருக்குதுங்."

நான் அதை ஹிந்தியில் சொன்னதுதான் தாமதம். ரசீது எழுதுகிறவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். சைக்கிள் திருட்டுப் போனதென்று புகார் கொடுக்க வந்திருந்த ஆள், சைக்கிளே வேண்டாம் என்பதுபோல வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் டீ கிளாசோடு வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "லோட் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டார்.

ஹவல்தார் மட்டும் அசையவில்லை. கம்பியை வாங்கி இரண்டு தடவை மெதுவாகத் தட்டினார். தொப் தொப்பென்றது. "ஈயக் குண்டு இப்படிச் சத்தம் போடாது. துணி" என்றார்.

"என்ற துணி பன்னெண்டும் எண்ணியாச்சுங். கேளுங்க இந்தப் புள்ளைய!"

இந்தப் புள்ளை பலமாகத் தலையாட்டினாள்.

"அப்ப வேற யாரு அடைச்சது? வானத்துல இருந்து வந்துச்சா? இவரு பொகையில மடிச்ச துணியா இருக்கும்!" என்று அக்கா குதித்தாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு புகார் எழுதச் சொன்னாள். எழுதினேன். டியூஷன் வைத்துப் படித்த ஹிந்தி மொத்தத்தையும் அதில் கொட்டினேன். 'மேற்படி ஹவல்தார் எனது துப்பாக்கியின் வாயில் இனம் தெரியாத பொருளைத் திணித்து அதன் தூய்மையைக் கெடுத்துவிட்டார்' என்று ஒரு வாக்கியம் வந்தது. அதைப் படித்து எனக்கே பெருமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு உத்தரவு போட்டார். ஹவல்தார் விளக்கம் எழுதித் தர வேண்டும். அக்கா பதினைந்து நாளைக்குள் குழலைக் காலியாக்கிக் காட்ட வேண்டும், அதுவும் ஸ்டேஷனிலேயே. காட்டாவிட்டால் ஆபத்தான ஆயுதம் என்று எழுதி அனுப்பிவிடுவார். லைசென்ஸ் ரத்து. துப்பாக்கியை உடைத்துப் போடுவார்கள்.

உடைத்துப் போடுவார்கள் என்று நான் தமிழில் சொன்னதும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"எங்கப்பன் ஊட்டுல இருந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான் கண்ணு."

அப்போதுகூட அந்தப் பன்னிரண்டு எனக்கு ஞாபகம் வரவில்லை, பாருங்கள்.

மறுநாளிலிருந்து தினமும் கெட்டிலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெய் விட்டு ஊறப்போட்டாள். கம்பி நுனியில் திருகு முள்ளை மாட்டிக் குத்தி இழுத்தாள். நூல் நூலாக வந்தது. எண்ணெயில் ஊறிப்போய் என்ன நிறம் என்றே தெரியவில்லை. ஐந்தாம் நாள் முள் நிமிர்ந்துபோயிற்று. ஹவல்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு புகையிலை மென்றுகொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் பாதி எழுதிய விளக்கம் துருத்திக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் அவரே பொறுக்க முடியாமல் பேசினார். "எங்க ஊர்லயும் இப்படி மாட்டிக்கும் வஹினி. மூக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியா ஒரு சிட்டிகை மருந்து போட்டுச் சுட்டா, அடைச்சது தானா வெளியே வந்துடும்."

"நக்கோங்!" என்று அலறினாள் அக்கா, வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டி.

"ஏன்?"

சுட்டால் அழுக்காகிவிடுமாம் என்று நான் சொன்னேன். அந்த மனிதர் ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "கழுவத்தான் நீங்க இருக்கீங்களே!"

அக்கா குழலை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

குழலை மூன்று நாள் வெயிலில் காயவைத்தார்கள். போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுகிற மைதானத்துக்கு இன்ஸ்பெக்டரே ஜீப்பில் அழைத்துப் போனார். குன்றை ஒட்டிய மண்மேடு. மருந்தும் கேப்பும் ஹவல்தார் முறைப்படி எழுதி வாங்கி வந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

அக்கா துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள். "சுடுங்க."

"எனக்கு லைசென்ஸ் இல்லியே புள்ள" என்று அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் போனார். வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சுடணும்" என்றார் இன்ஸ்பெக்டர், ஜீப்புக்குப் பின்னாலிருந்து.

எப்படி நிற்க வேண்டும் என்று ஹவல்தார் சொல்லிக்கொடுக்கப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். இடது காலை முன்னால் வைத்து, கட்டையைத் தோளுக்குள் அழுத்தி, கன்னத்தைச் சாய்த்து, அண்ணன் நின்றதை வாளியோடு நின்று எத்தனை வருஷம் பார்த்திருந்தாளோ, அச்சாக அப்படியே நின்றாள். ஏதோ முணுமுணுத்தாள், சாமியோ அப்பாவோ.

டமார்!

எங்களையும் மண்மேட்டையும் மறைத்துக்கொண்டு வெள்ளைப் புகை. நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புகைக்குள்ளிருந்து எரிந்துகொண்டே ஏதோ ஒன்று பறந்து போய் விழுந்தது. ஹவல்தார் ஓடிப்போய்ப் பூட்ஸால் மிதித்து அணைத்து, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி கருகிப்போன துணி. மீதிப் பாதியில் பச்சைக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட் மெல்ல எழுந்தது.

"அது என்ற லுங்கிதானுங்."

அக்கா என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கரி. "கண்ணு, அன்னிக்கு எண்ணுனயா, எண்ணலியா?"

"பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன்க்கா" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. மாமியார் அப்போது மதுரையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

அக்கா துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹவல்தாருக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினாள். "பாவு, மாஃப் கராங். தப்பு எங்க மேலதானுங்." நானும் பக்கத்தில் போய்க் கூப்பினேன். அந்த ஆள் மீசைக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். எங்களை மன்னித்துவிட்டார் என்று நினைத்து மூச்சு விட்டேன். அப்போதுதான் அக்கா அதைக் கேட்டாள்.

"இன்னொருக்கா சுடலாங்களா?"

நான் அதை மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தால் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். ஹவல்தார் மிச்சமிருந்த மருந்தை அளந்து குழல் வாயில் கொட்டினார். "மேலே அடைக்கக் காகிதம் வேணும்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நேராக ஜீப்புக்குப் போய், சீட்டில் இருந்த பைலைத் திறந்து, என் ஹிந்திப் புகாரை உருவினார். தூய்மையைக் கெடுத்துவிட்டார் என்ற வாக்கியம் வெளியே தெரியும்படி கசக்கிச் சுருட்டி, கம்பியால் இடித்து உள்ளே தள்ளினார். இன்ஸ்பெக்டர் குன்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, இந்த வருஷம் மழை எப்படி என்று அக்காவின் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்.

இந்தத் தடவை அக்கா ஒன்றும் முணுமுணுக்கவில்லை. டமார் என்றது. நான் எழுதிய புகார் பொடிப் பொடியாக ஆகாயத்தில் பறந்து எங்கள் தலைமேலெல்லாம் விழுந்தது. அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை அப்படிக் குலுங்கிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் கம்பியை விட்டு வளையத்தைப் பார்த்தார். வாயோடு வாயாக நின்றது. கையெழுத்தானது. துப்பாக்கி வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் கெட்டிலில் வெந்நீர் போட்டுக்கொண்டு, என் தலையெழுத்து என்று மேலே போனேன். கூடத்தில் வாளி தயாராக இருந்தது. குழல் அதற்குள் நின்றது. பக்கத்தில் துணிகள். ஆனால் வாளிக்கு முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு அக்கா இல்லை. முழங்காலுக்கு மேல் ஏறிய லுங்கியோடு, கம்பியை இரண்டு கையாலும் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அக்கா முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் கட்டிலில் அண்ணாந்து படுத்திருந்தாள்.

நான் வெந்நீரை ஊற்றினேன். முதல் துணி மையாகக் கறுத்து வந்தது. இரண்டாவதும், மூன்றாவதும். நான் சத்தம் போட்டு எண்ணினேன். ஏழாவது துணியும் கறுப்பாக வந்ததும் அவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எத்தன நேரம் புள்ள ஆகும்?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"துணி வெள்ளையா வரோணுமுங்க. டமார்னு ஒரு நிமிசம் எனக்கு. ரெண்டு மணி நேரம் உங்களுக்கு."